தோல் அரிப்புக்குக் காரணம் களையா, சோப்பின் வாசனையா?

எழுமலை, உசிலம்பட்டி வட்டாரங்களில் களை எடுத்துத் திரும்புவோர் சிலருக்கு முகம், கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் தடிப்பும் அரிப்பும் காண்பதுண்டு. பழி பார்த்தீனியத்தின் மேல் விழும். ஆனால் வாசனை சோப்பு, பவுடர், தலைக்குத் தேய்க்கும் தைலம் ஆகியவை படுவதும் அதே இடங்களில்தான். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கடினம். காரணம் தெரியாமல் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு ஒதுங்கினால் நட்டம் விவசாயிக்கே.

இதற்கு உதவுவது 'பேட்ச் டெஸ்ட்' எனப்படும் ஒட்டுப் பரிசோதனை. 1895இல் ஜெர்மானிய மருத்துவர் யாடசோன் விளக்கிய முறை இது.

செய்யும் விதம்

சந்தேகத்துக்குரிய பொருள்களை உரிய அளவில் வாசலினில் கலந்து, சிறு கிண்ணங்களில் இட்டு, மேல் முதுகில் பிளாஸ்திரியால் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். ஓரிரு நாள் கழித்து மீண்டும் பார்ப்பார்கள். ஒவ்வாமை மெதுவாகவே வெளிப்படும் என்பதால் இரண்டாம் முறை போவதைத் தவறவிடக் கூடாது. ஒத்துக்கொள்ளாத பொருள் இருந்த இடத்தில் தோல் சிவந்து, தடித்து, அரிக்கும்.

வாசனைக்கென ஒரு கலவை உண்டு. கிராம்பிலுள்ள யூஜினால், ரோஜா மணம் தரும் ஜெரானியால் உட்பட 8 பொருள்கள் அதில் அடங்கும். பார்த்தீனியத்திற்குத் தனிச் சோதனை. செவ்வந்தியும் பார்த்தீனியத்தின் குடும்பமே; ஒன்று ஆகாதவருக்கு மற்றதும் ஆகாமல் போகலாம். பூக்கட்டுவோர் இதை மனதில் கொள்ள வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

- சோதனை முடியும் வரை முதுகை நனைக்கக் கூடாது. வியர்க்க வேலை செய்யக் கூடாது. வேலை குறைந்த நாள்களில் வைத்துக்கொள்வது நல்லது.
- சாப்பிடும் மாத்திரைகளையும் பூசும் களிம்புகளையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு மருந்து முடிவை மறைத்துவிடும்.
- கிராம்புத் தைலத்தையோ செடியின் சாற்றையோ வீட்டில் தடவிச் சோதிக்கக் கூடாது. தோல் வெந்துவிடும், முடிவும் தவறாகும்.

முடிவு தெரிந்த பின்

வாசனைதான் காரணம் என்றால் வயலை விட வேண்டியதில்லை. உறையில் 'பெர்ப்யூம்' என்று அச்சிட்ட சோப்பு, பவுடர், தைலங்களை நிறுத்தினால் போதும். களைதான் காரணம் என்றால், அதைப் பிடுங்கும் வேலையைப் பிறரிடம் விட வேண்டும். அவர்களும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, பூக்கும் முன்பே வேரோடு எடுத்துவிட வேண்டும்.

ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுதும் தொடரும். களிம்பு அரிப்பை அடக்கும்; காரணத்தை நீக்காது. எனவே அரிப்பு திரும்பத் திரும்ப வருவோர் தோல் நோய் மருத்துவரைக் கண்டு இச்சோதனை பற்றிக் கேட்பது நலம்.