பாலின் கொழுப்பை ஒளியால் அறிதல்

பால் விற்கும் குடியானவருக்குக் கொழுப்பின் சதவீதம் என்பது வெறும் கணக்கன்று. அந்த எண்ணைக் கொண்டே அவர் பெறும் விலை ஏறவும் இறங்கவும் செய்கிறது. தமிழ்நாட்டுப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்களில் கொழுப்பையும், கொழுப்பு நீங்கலான திடப்பொருள்களையும் கணக்கிட்டே பாலுக்கு விலை தரப்படுகிறது. ஆகையால் அவ்வெண் எவ்விதம் கிடைக்கிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றை மிராசுதார்களும், கிராம அதிகாரிகளும், சங்க நிர்வாகிகளும் அறிந்திருத்தல் அவசியம். கொழுப்பு எவ்வளவு என்பதோடு நில்லாமல், அது எவ்வகைக் கொழுப்பு என்பதையும் ஒளியின் உதவியால் கணிக்கும் முறை மேல்நாடுகள் சிலவற்றில் வழக்கத்துக்கு வந்துள்ளது. அதன் தத்துவமும், பயனும், அதில் எச்சரிக்கையாயிருக்க வேண்டிய இடமும் கீழே விவரிக்கப்படுகின்றன.

பழைய முறை

அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்தைச் சேர்ந்த ஸ்டீபன் பாப்காக் என்பவர் 1890-ஆம் வருஷத்திலும், ஸ்விட்ஸர்லாந்தைச் சேர்ந்த நிக்லாஸ் கெர்பர் என்பவர் அதற்கடுத்த வருஷத்திலும் கொழுப்புப் பரிசோதனை முறைகளை வெளியிட்டனர். இரண்டிலும் தத்துவம் ஒன்றே. கந்தக அமிலத்தைப் பாலுடன் சேர்த்தால் புரதம் கரைந்து கொழுப்பு விடுபடுகிறது. குழாயை வேகமாகச் சுழற்றினால் கொழுப்பு ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. குழாயின் மெல்லிய கழுத்தில் போட்டிருக்கும் கோடுகளைப் பார்த்து அளவைப் படித்துக்கொள்ளலாம். கெர்பர் முறை நம் நாட்டில் நெடுங்காலமாகப் பழகிவந்திருப்பது. ஆயினும் அமிலத்தைக் கையாளுவதில் அபாயமுண்டு, நேரமும் பிடிக்கும். அன்றியும் அம்முறை கொழுப்பின் அளவைச் சொல்லுமேயொழிய அதன் தன்மையைச் சொல்லாது.

கொழுப்பில் வகை உண்டு

பாலின் கொழுப்பு ஒரே பொருளன்று. கிளிசரினுடன் மும்மூன்றாகச் சேர்ந்திருக்கும் கொழுப்பமிலங்களின் கலவையே அது. இந்த அமிலங்கள் கரியணுக்கள் கோத்த சங்கிலிகள் போன்றவை. பியூட்டிரிக் அமிலத்தில் 4 கரியணுக்களும், பால்மிட்டிக் அமிலத்தில் 16-ம், ஸ்டியரிக், ஒலியிக் அமிலங்களில் 18-ம் உள்ளன. பால்மிட்டிக் அமிலம் மிகுந்தால் வெண்ணெய் கெட்டியாகவும், ஒலியிக் அமிலம் மிகுந்தால் இளக்கமாகவும் இருக்கும்.

தீவனத்துக்கேற்ப இக்கலவை மாறும் என்பதற்கு நம் நாட்டு நெய்யே சான்று. நெய்யில் ஆவியாகக்கூடிய சிறு சங்கிலி அமிலங்களின் அளவைக் காட்டும் ரைக்கெர்ட் எண், பருத்திக்கொட்டையை மிகுதியாக ஊட்டும் பிரதேசங்களில் தாழ்ந்திருக்கக் காணப்பட்டது. அப்பிரதேசங்களின் சுத்தமான நெய்யைக் கலப்பட நெய்யென்று தள்ளிவிடாதிருக்கும் பொருட்டு, இந்திய உணவு விதிகளில் அவற்றுக்கு நெடுங்காலம் தனி அளவு குறிக்கப்பட்டிருந்தது.

ஒளி அளக்கும் விதம்

சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்தால், சிவப்பு நிறத்துக்கு அப்பாலும் கண்ணுக்குப் புலனாகாத கதிர்கள் இருப்பதை 1800-ஆம் வருஷத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வான நூலறிஞர் உஷ்ணமானியைக் கொண்டு கண்டறிந்தார். இவையே இன்ப்ரா-ரெட் என்னும் அகச்சிவப்புக் கதிர்கள். ஒவ்வொரு பொருளிலும் அணுக்கள் இணைந்திருக்கும் விதத்துக்கேற்ப, குறிப்பிட்ட அலைநீளமுள்ள கதிர்கள் அதில் உறிஞ்சப்படுகின்றன. கொழுப்பில் அமிலமும் கிளிசரினும் சேருமிடத்திலுள்ள பிணைப்பு 5.7 மைக்ரான் அலைநீளத்திலும், கரியணுச் சங்கிலி 3.5 மைக்ரானிலும், புரதம் 6.5 மைக்ரானிலும், பாற்சர்க்கரை 9.6 மைக்ரானிலும் கதிரை உறிஞ்சுகின்றன. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

பாலில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரும் இக்கதிர்களை மிகுதியாக உறிஞ்சும். ஆதலால் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைந்த இடைவெளியுள்ள மெல்லிய அறையில் பாலைச் செலுத்துகிறார்கள். அதற்கு முன் பாலைச் சுமார் 40 டிகிரி சென்டிகிரேடுக்குச் சூடாக்கி, கொழுப்புத் துளிகள் கதிரைச் சிதறடிக்காத வண்ணம் அவற்றை நுண்ணியனவாக உடைத்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் கூல்டன் என்ற ஆராய்ச்சியாளர் இவ்விதம் பாலைப் பரிசோதிக்கும் முறையை 1964-ஆம் வருஷத்தில் விவரித்து வெளியிட்டார். அதன் பின் இவ்வகை யந்திரங்கள் பல நாடுகளின் பால் பரிசோதனைச் சாலைகளில் பரவின. பெரிய யந்திரங்கள் ஒரு மணி நேரத்தில் சில நூறு மாதிரிகளைப் பரிசோதிக்க வல்லவை.

தொல்லையே பயனான கதை

ஆரம்ப யந்திரங்களில் ஒரு குறை இருந்தது. 5.7 மைக்ரான் கதிர் கொழுப்பை எடை பார்ப்பதில்லை. அமிலமும் கிளிசரினும் சேரும் பிணைப்புகளையே எண்ணுகிறது. நான்கு கரியணு அமிலங்கள் மூன்று சேர்ந்த ஒரு கிராம் கொழுப்பில், பதினெட்டுக் கரியணுவுள்ள ஸ்டியரிக் அமிலங்கள் மூன்று சேர்ந்த ஒரு கிராம் கொழுப்பில் இருப்பதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு பிணைப்புகள் உண்டு. ஆகவே சிறு சங்கிலி மிகுந்த பாலுக்கு யந்திரம் சற்றுக் கூடுதலாகவும், நீண்ட சங்கிலி மிகுந்த பாலுக்குச் சற்றுக் குறைவாகவும் கொழுப்பைக் காட்டிற்று. தீவனமும் பருவமும் மாறினால் யந்திரத்தின் கணக்கும் தவறிற்று. சங்கிலியையே அளக்கும் 3.5 மைக்ரான் கதிரையும் சேர்த்துக்கொண்டதால் இக்குறை பெரிதும் நீங்கிற்று.

கொழுப்பின் வகை யந்திரத்தின் கணக்கை மாற்றுமாயின், அக்கணக்கிலிருந்தே கொழுப்பின் வகையை ஏன் அறியக்கூடாது? ஓரிரு அலைநீளங்களுக்குப் பதிலாக ஆயிரத்துக்கு மேற்பட்ட அலைநீளங்களில் ஒரே சமயத்தில் அளக்கும் யந்திரங்கள் வந்த பிறகு இது கைகூடிற்று. பெல்ஜியத்தில் ஜாம்ப்ளூ நகரிலுள்ள விவசாயக் கல்வி நிலையத்தைச் சேர்ந்த எலென் சுவாயர் என்ற அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும் பசும்பாலின் கொழுப்பமிலங்களை இவ்விதம் கணிக்கலாமென்று 2006-ஆம் வருஷத்தில் காட்டினர். 2011-ஆம் வருஷத்தில் பெல்ஜியம், அயர்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளின் பல இனப் பசுக்களின் பாலைக் கொண்டு அக்கணிப்பு விரிவாக்கப்பட்டது.

குடியானவருக்குப் பயன்

வைக்கோல், புல் முதலிய நாருள்ள தீவனம் பசுவின் முதல் வயிற்றில் புளித்து அசெட்டிக் அமிலத்தைத் தருகிறது. பெரும்பாலும் அதைக் கொண்டே மடியானது 4 முதல் 14 கரியணு வரையுள்ள அமிலங்களையும், 16 கரியணு அமிலத்தில் ஏறக்குறையப் பாதியையும் தானே உண்டாக்குகிறது. நீண்ட சங்கிலி அமிலங்களோ, பிண்ணாக்கு, எண்ணெய் விதை முதலிய தீவனத்திலிருந்தாவது, பசுவின் உடற்கொழுப்பிலிருந்தாவது இரத்த வழியாக மடிக்கு வருகின்றன. ஆதலால் பாலைக் கொண்டு பசுவின் வயிற்றையும் உடல் நிலையையும் ஒருவாறு அறியலாம். சிறு சங்கிலி அமிலங்கள் குறைந்தால், தீவனத்தில் நார் போதாமலோ, தானியம் மிதமிஞ்சியோ இருக்கலாம். கன்று ஈன்ற சில வாரங்களுக்குள் ஒலியிக் அமிலம் மிகுந்தால், பசு உண்ணும் தீவனம் போதாமல் தன் உடற்கொழுப்பைக் கரைத்துப் பால் தருகிறதென்று சந்தேகிக்க வேண்டும். அந்நிலை நீடித்தால் கீட்டோசிஸ் என்னும் நோய்க்கு இடமாகும். பசு மெலிந்து கண்ணுக்குத் தெரியுமுன்பே இவ்வறிகுறி பாலில் தோன்றக்கூடும்.

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலுள்ள பண்ணைகளில் இம்முறையால் பாலைப் பரிசோதித்து, பண்ணைகளின் நடப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மடியில் உண்டாகும் அமிலங்கள் மிகுந்திருந்த பண்ணைகளில் கொழுப்பும் புரதமும் உயர்ந்திருந்தன. அப்பண்ணைகளில் தீவனத்தை நாளொன்றுக்கு ஒரு முறையோடு நிறுத்தாமல் பகுத்து வைப்பதும், மாடுகள் நெருக்குண்ணாமல் தின்பதற்குத் தீவனத் தொட்டியில் போதிய இடம் விடுவதும் அதிகமாகக் காணப்பட்டன. இவ்விரண்டுக்கும் யந்திரம் வேண்டுவதில்லை. எந்தக் கொட்டிலிலும் உடனே கைக்கொள்ளக் கூடியவை.

எச்சரிக்கை

இந்த யந்திரம் கொழுப்பமிலத்தை நேரே காண்பதில்லை. முதலில் பல மாதிரிகளைக் காஸ் குரோமட்டோகிராபி என்ற நுட்பமான ரஸாயன முறையால், பல மணி நேரம் செலவிட்டுப் பிரித்தளந்து, அந்த மாதிரிகள் கதிரை உறிஞ்சிய விதத்தோடு பொருத்திச் சூத்திரம் ஒன்று அமைக்கிறார்கள். பின்னர் வரும் பாலையெல்லாம் யந்திரம் அந்தச் சூத்திரத்தைக் கொண்டே கணிக்கிறது. எந்தப் பாலைக் கொண்டு அதற்குக் கற்பித்தார்களோ, அதைப்போன்ற பாலைப்பற்றியே அது நம்பிக்கையாகச் சொல்லும். மேல்நாட்டுப் பசும்பாலைக் கொண்டு கற்பித்த யந்திரத்தை, வைக்கோலும் சோளத்தட்டையும் தின்னும் நாட்டு மாட்டின் பாலுக்கோ, கொழுப்பு மிகுந்த எருமைப் பாலுக்கோ அப்படியே பயன்படுத்தினால் கணக்குப் பிசகும். அந்தப் பிசகு விலையில் ஏறினால் நஷ்டம் குடியானவருடையது.

மேலும் எல்லா அமிலங்களையும் ஒரே திருத்தமாகக் கணிக்க முடிவதில்லை. பாலில் மிகுதியாயுள்ள அமிலங்களையும், அவற்றின் தொகுதிகளையும் நன்கு கணிக்கலாம். சொற்பமாயுள்ளவற்றின் கணிப்பை அவ்வளவு நம்புவதற்கில்லை. ஒரே ஒரு நாளைய கணக்கைக் கொண்டு பசுவுக்கு நோயென்று முடிவு கட்டுவதும் தவறு. அடுத்தடுத்து எடுக்கும் கணக்குகளில் மாறுதல் எத்திசையில் செல்கிறதென்று பார்த்து, கால்நடை வைத்தியரைக் கலந்துகொள்வதே தக்கது.

கிராமச் சங்கங்களில் உள்ள சிறு யந்திரங்களில் பல அகச்சிவப்புக் கதிரால் அளப்பவையல்ல. செவிக்கெட்டாத ஒலியலையால் அளப்பவை. அவற்றைக் கொண்டு கொழுப்பின் வகையை அறிய இயலாது. ஆயினும் மேற்கூறிய எச்சரிக்கை அவற்றுக்கும் பொருந்தும். எந்த யந்திரமாயினும், கெர்பர் முறை போன்ற நேர்ப் பரிசோதனையோடு காலந்தோறும் ஒத்துப் பார்த்துச் சரிசெய்யப்படாவிடில், அது காட்டும் எண்ணுக்கு ஆதாரமில்லை.

ஆகவே சங்க நிர்வாகிகள் யந்திரத்தைக் கடைசியாக ஒத்துப் பார்த்த தேதியையும், பசும்பாலுக்கும் எருமைப் பாலுக்கும் தனித்தனியே சரிசெய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் எழுதி, பால் ஊற்ற வருவோர் அனைவரும் காணுமிடத்தில் வைத்தல் நலம். பால் ஊற்றுகிறவர் இவ்விரண்டையும் கேட்டறிவது சண்டையன்று. அது அவருடைய உரிமை.