210 தோட்டா இருந்த இடத்தில் 140: அமெரிக்க ராணுவம் யாரிடமும் இல்லாத தோட்டாவுக்கு மாறியது ஏன்?

அமெரிக்க காலாட்படை வீரர் ஒருவர் களத்துக்குக் கிளம்பும்போது வழக்கமாக 7 மேகசின் எடுத்துக்கொள்வார். ஒரு மேகசினில் 30 தோட்டா. மொத்தம் 210. இதன் எடை 7.4 பவுண்டு, அதாவது சுமார் 3.4 கிலோ.

புதிய எம்7 ரைஃபிள் வைத்திருக்கும் வீரரிடமும் அதே 7 மேகசின்தான். ஆனால் ஒன்றில் 20 தோட்டாதான் இருக்கும். மொத்தம் 140. தோட்டா குறைந்தால் எடையும் குறையணுமே? இல்லை, கூடியிருக்கிறது. 9.8 பவுண்டு, கிட்டத்தட்ட நாலரை கிலோ.

70 தோட்டா குறைவு, ஒரு கிலோ கூடுதல். தெரிந்தேதான் அமெரிக்க ராணுவம் இந்தக் கணக்குக்குத் தலையாட்டியது. 2022 ஏப்ரலில் சிக் சாவர் நிறுவனத்துடன் 10 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. 2024 மார்ச்சில் கென்டக்கி மாநிலத்தின் ஃபோர்ட் கேம்ப்பெல்லில் இருக்கும் 101-வது வான்வழிப் படைப்பிரிவின் வீரர்கள் கைக்கு முதல் துப்பாக்கிகள் வந்தன. 2025-ல் இது முறைப்படி ராணுவத்தின் துப்பாக்கியாக ஏற்கப்பட்டது.

துப்பாக்கி மாறுவது பெரிய செய்தி இல்லை. எல்லா நாடும் மாற்றும். தோட்டாவே மாறுவதுதான் செய்தி. அதுவும் கூட்டாளி நாடுகளின் கிடங்குகளில் இல்லாத, 6.8x51 என்ற புது அளவுக்கு.

அப்படி என்ன தோட்டா இது?

தோட்டா என்று நாம் சொல்வதில் நான்கு பொருள் இருக்கிறது. பின்னால் தீ மூட்டும் பிரைமர், உள்ளே மருந்து, சுற்றிலும் பித்தளைக் கூடு, முன்னால் பாய்ந்து போகும் குண்டு. 6.8x51 என்றால் குண்டின் அகலம் 6.8 மி.மீ., கூட்டின் நீளம் 51 மி.மீ. என்று அர்த்தம். அளந்து பார்த்தால் குண்டு 7 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலேயே இருக்கும். தோட்டா உலகத்தில் பெயர் ஒன்று, அளவு ஒன்று என்பது சகஜம்.

இதுவரை இருந்தது 5.56x45. வியட்நாம் போர் காலத்திலிருந்து அமெரிக்கா பயன்படுத்துவது. 1980-ல் நேட்டோவும் இதைத் தன் பொதுத் தோட்டாவாக ஏற்றது. சின்னது, லேசானது, உதைப்பு குறைவு. இதில் இரண்டு குறை சொல்லப்பட்டது. ஆப்கானிஸ்தான் மலைகளில் எதிரி எட்டத்தில் இருந்து சுட்டபோது, அந்தத் தூரத்துக்குப் போய்ச் சேரும் 5.56 குண்டின் வேகம் வெகுவாகக் குறைந்துவிட்டது. இரண்டாவது, எதிரியின் கவச உடை. 2017 மே மாதம், அப்போதைய ராணுவத் தளபதி மார்க் மில்லி செனட் குழு முன் இதை வெளிப்படையாகவே சொன்னார்: புதிய வகை கவசத் தகடுகளை 5.56 துளைக்காது.

அதற்கு வேகம் வேண்டும். வேகத்துக்கு அழுத்தம் வேண்டும். புதிய தோட்டா வெடிக்கும்போது துப்பாக்கிக்குள் உருவாகும் அழுத்தம் 80,000 பி.எஸ்.ஐ. பெட்ரோல் பங்க்கில் கார் டயருக்கு 32 வைங்க என்கிறோமே, அதே பி.எஸ்.ஐ.தான். 5.56 தோட்டாவில் இது 60,000-ஐ ஒட்டியே இருக்கும்.

80,000 என்றால் சாதாரண பித்தளைக் கூட்டின் அடிப்பாகம் தாங்காது. அதனால் சிக் நிறுவனம் அடிப்பாகத்தை மட்டும் எஃகில் செய்து, மேல்பாகத்தைப் பித்தளையிலேயே விட்டு, இரண்டையும் உள்ளே ஒரு சிறு வளையத்தால் பூட்டியது. போட்டிக்கு வந்த மற்ற இரண்டு அணிகள் இன்னும் துணிந்தன. ஒரு அணி குண்டை முழுசாகக் கூட்டுக்குள்ளேயே புதைத்த தோட்டாவைக் கொண்டுவந்தது, இன்னொன்று பிளாஸ்டிக் உடல் கொண்ட தோட்டாவைக் கொண்டுவந்தது. இரண்டும் எடையில் லாபம். ஆனாலும் ராணுவம் தேர்ந்தெடுத்தது, மூன்றில் பழைய தோட்டாவைப் போலவே இருந்ததை. புதுசுக்குப் போகும்போதும் எவ்வளவு புதுசு என்பதில் ஒரு பயம் இருக்கத்தானே செய்யும்.

இங்கே ஒரு சின்ன விஷயம். கவசத்தைத் துளைக்க வேகம் மட்டும் போதாது. குண்டின் உள்ளே என்ன உலோகம் என்பதும் முக்கியம். அதற்குப் பேர்போனது டங்ஸ்டன். ஆமாம், மதுரை அரிட்டாபட்டி போராட்டத்தின்போது தமிழ்நாடே பேசியதே, அதே டங்ஸ்டன். உலகில் தோண்டி எடுக்கப்படும் டங்ஸ்டனில் பெரும்பகுதி வருவது சீனாவில் இருந்து. எந்த நாட்டை மனதில் வைத்து இவ்வளவு செலவு செய்கிறார்களோ, அந்த நாட்டின் கையில்தான் அந்த உலோகமும்.

90 வருஷத்துக்கு முன் நடந்த அதே விவாதம்

அமெரிக்க ராணுவத்துக்கு இது புது வாக்குவாதம் இல்லை. ஜான் காரண்ட் என்ற வடிவமைப்பாளர், பின்னாளில் இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற தன் ரைஃபிளை முதலில் .276 பெடர்சன் என்ற சிறிய, புதிய தோட்டாவுக்காகத்தான் செய்துகொண்டிருந்தார். உதைப்பு குறைவு. ஒரே தடவையில் 10 தோட்டா போடலாம். சோதனைகளிலும் நல்ல பெயர்.

1932-ல் அது அன்றைய ராணுவத் தலைமைத் தளபதி டக்ளஸ் மெக்கார்தரின் மேசைக்கு வந்தது. அவர் வேண்டாம் என்றார். கிடங்குகளில் பழைய .30 தோட்டா மலைபோலக் குவிந்திருந்தது. இயந்திரத் துப்பாக்கிகளும் அதையே சுட்டன. பொருளாதார மந்தநிலை காலம் வேறு. ரைஃபிளுக்கு ஒன்று, இயந்திரத் துப்பாக்கிக்கு ஒன்று என இரண்டு தோட்டாவைச் செய்து, ஏற்றி, இறக்கி, சரியான ஆளிடம் சேர்ப்பது வீண் தலைவலி என்று முடிவானது. காரண்ட் தன் துப்பாக்கியைப் பழைய தோட்டாவுக்கு ஏற்றபடி திருத்தினார். 10 போட்ட இடத்தில் 8 தான் போட முடிந்தது. 1936-ல் ஏற்கப்பட்ட அந்தத் துப்பாக்கி உலகப் போரையே பார்த்துவிட்டது. யாரும் அந்த .276-ஐத் தேடவில்லை.

இப்போதைய புதுத் தோட்டாவுக்கு சந்தைப் பெயர் .277 ஃப்யூரி. பெயரளவில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம்!

பிரிட்டன் கதை இன்னும் கசப்பு. 1951-ல் .280 என்ற தோட்டாவையும் அதற்கான இஎம்-2 ரைஃபிளையும் ஏற்பதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. ஆனால் அமெரிக்கா பெரிய தோட்டாதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது. ஆட்சி மாறி சர்ச்சில் வந்ததும் கூட்டணிக்காக .280 கைவிடப்பட்டு, 7.62x51 நேட்டோவின் பொதுத் தோட்டாவானது. பத்துப் பதினைந்து வருஷம்கூட ஆகவில்லை, பிடிவாதம் பிடித்த அமெரிக்காவே சின்ன 5.56-க்குப் போய்விட்டது. பிரிட்டன்காரர்கள் இன்றுவரை இதைச் சொல்லிப் புலம்புவதில் நியாயம் இருக்கிறது.

நல்ல தோட்டாவாக இருந்தும் தோற்றது ஏன்?

.276, .280 இரண்டுமே மோசமானவை இல்லை. ஒன்றைத் தோற்கடித்தது கிடங்கு, இன்னொன்றைத் தோற்கடித்தது கூட்டணி. புதுத் தோட்டாவுக்கு மாறலாமா என்று முடிவு செய்யும்போது குண்டு எவ்வளவு துளைக்கும் என்பது முதல் கேள்விதான், கடைசிக் கேள்வி இல்லை. அதைச் செய்ய எத்தனை ஆலை இருக்கிறது? சண்டை நீண்டால் மாசா மாசம் எவ்வளவு வரும்? பக்கத்தில் நிற்கும் நட்பு நாட்டுப் படையிடம் கேட்டால் கிடைக்குமா? உக்ரைன் இதற்குக் கண்முன் உதாரணம். சோவியத் கால 5.45, 7.62x39 தோட்டாக்களோடு போரைத் தொடங்கிய அந்நாட்டுக்கு மேற்கு நாடுகள் 5.56 துப்பாக்கிகளை அனுப்பின. அந்தத் தோட்டா பல நாடுகளின் கிடங்கில் இருந்ததால்தான் அது சாத்தியமானது. யாரிடமும் இல்லாத தோட்டாவை யார் அனுப்ப முடியும்?

தனி வழியில் போய் நின்றவர்களும் உண்டு. சீனா 1980-களிலேயே 5.8x42 என்ற சொந்தத் தோட்டாவை உருவாக்கி ராணுவம் முழுவதற்கும் கொடுத்தது. ஆள் பலம், ஆலை பலம் இருக்கும் நாடு, சமாளிக்கிறது. ஆனால் அதே துப்பாக்கியை வெளிநாட்டுக்கு விற்க வந்தபோது க்யூபிஇசட்-97 என்ற பெயரில் 5.56-க்குத்தான் செய்தது. வாங்குகிறவன் முதலில் கேட்பது தோட்டா கிடைக்குமா என்றுதான்.

இந்தியா என்ன செய்தது?

இதே சிக் சாவரிடம் இந்தியாவும் வாங்கியிருக்கிறது. 2019-ல் 72,400 சிக்716 ரைஃபிள்களுக்கு ஆர்டர். இன்சாஸ் துப்பாக்கியின் 5.56 குண்டுக்குத் தாக்கம் போதவில்லை என்பது இங்கும் நெடுநாள் குறை. ஆனால் அதற்காக டெல்லி புதுத் தோட்டாவைத் தேடிப் போகவில்லை. 7.62x51-க்குத் திரும்பியது. பழைய எஸ்.எல்.ஆர். துப்பாக்கியின் தோட்டா. நம் ஆயுதத் தொழிற்சாலைகள் பல பத்தாண்டுகளாகச் செய்து பழகியது. இன்னொரு பக்கம் அமேதி அருகே கோர்வாவில் தயாராகும் ஏகே-203-க்கு 7.62x39. ஏகே-47 காலத்திலிருந்து காஷ்மீரில் புழங்குவது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' சுடுவதும் இதே 7.62x39-ஐத்தான். ஏகே தோட்டா ஏற்கனவே கையிருப்பில் உள்ள காவல்துறைக்கும் துணை ராணுவத்துக்கும் வேறென்ன வேண்டும்?

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. ஒரே ராணுவத்தில் இப்போது மூன்று வகை ரைஃபிள் தோட்டா. 7.62x51-ம் 7.62x39-ம் பெயரில் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் ஒன்று இன்னொன்றின் துப்பாக்கியில் சுடாது. சரக்கு அனுப்புகிறவர் பெட்டியின் மேல் 7.62 என்று மட்டும் பார்த்து ஏற்றிவிட்டால் முடிந்தது கதை. ஆனால் மூன்றுமே ஊரறிந்த தோட்டா. ஒரு ஆலை நின்றாலும் இன்னொரு இடத்தில் கிடைக்கும்.

வீரர் பக்கம் நின்று பார்த்தால்

அமெரிக்கக் காலாட்படையின் ஒரு சிறு குழுவில் 9 பேர். அதில் இருவரிடம் தானியங்கித் துப்பாக்கி. மீதி 7 பேருக்கும் ஆளுக்கு 70 குறைந்தால், குழுவுக்கே 490 தோட்டா குறைகிறது. நெருக்கமான சண்டையில் தோட்டாவின் பாதி வேலை எதிரியைத் தலைதூக்க விடாமல் வைப்பதுதான். அதற்கு எண்ணிக்கைதான் பேசும்.

துப்பாக்கியும் கனம். பழைய எம்4 சுமார் 3 கிலோ. எம்7, சத்தம் குறைக்கும் சைலன்ஸரோடு நாலரை கிலோவுக்குப் பக்கம். இதற்கு ராணுவம் சொல்லும் பதில் எக்ஸ்எம்157 என்ற புதிய தொலைநோக்கி. லேசரால் தூரத்தை அளந்து, குண்டு எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட்டு, எங்கே குறி வைக்கணும் என்று கண்ணாடியிலேயே காட்டும். நிறைய சுடுவதற்குப் பதில் சரியாகச் சுடு என்பது வாதம். சோதனை மைதானத்தில் இது எடுபடும். புகையும் இருட்டும் சுவரும் சூழ்ந்த தெருவில், எதிரி 30 மீட்டரில் நிற்கும்போது, அந்தக் கணக்கை யார் பார்ப்பார்கள்?

2025-ல் வாஷிங்டனில் நடந்த ராணுவக் கண்காட்சியில் ஓர் இளம் ராணுவ அதிகாரி இதையெல்லாம் ஆய்வாகவே முன்வைத்தார். 20 தோட்டா மேகசின் போதாது, எடை அதிகம், குழல் தேய்மானம் கவலை தருகிறது என்றார். சிக் நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது.

ராணுவம் பின்வாசலை முழுக்க மூடிவிடவும் இல்லை. புதுத் தோட்டாவின் கூட்டு நீளத்தைப் பழைய 7.62x51-ன் அதே 51 மி.மீ.க்கு வைத்திருக்கிறார்கள். எம்7-ன் மூல வடிவத்தில் குழலை மாற்றிப் போட்டால் 7.62x51-ஐயும் சுடலாம். கிடைக்காத நாளுக்கு ஒரு வழி. மெக்கார்தர் இருந்திருந்தால் இந்த ஒரு விஷயத்தையாவது மெச்சியிருப்பார்.

அடுத்தது, எல்லோருக்கும் கொடுக்கவில்லை. காலாட்படை, முன்னணி உளவு வீரர்கள், களப் பொறியாளர்கள் என்று எதிரியை நேரடியாகச் சந்திப்பவர்களுக்கு மட்டுமே எம்7. லாரி ஓட்டுநர், மெக்கானிக், சமையல்காரர் கையில் அதே எம்4, அதே 5.56. செலவு மிச்சம்தான். ஆனால் 1932-ல் மெக்கார்தர் தவிர்த்த அந்த இரண்டு தோட்டா தலைவலி, இதனால் நிரந்தரமாக வீட்டுக்குள் வந்துவிட்டது. முன்வரிசை வீரரிடம் தோட்டா தீர்ந்தால், சரக்கு கொண்டுவந்த ஓட்டுநரின் மேகசினைக் கடன் வாங்க முடியாது.

5.56 தோட்டாக்களைச் செய்துவரும் மிசௌரி மாநிலத்தின் லேக் சிட்டி அரசு ஆலையில், 6.8-க்காகவே தனிக் கட்டடம் கட்ட 2025 பிப்ரவரியில் வேலை தொடங்கியது. அது ஓடத் தொடங்கும் வரை எம்7 வீரர்களுக்குத் தோட்டா வருவது, துப்பாக்கியை விற்ற சிக் நிறுவனத்தின் ஆர்கன்சாஸ் ஆலையில் இருந்துதான்.