ஏழைக்கு ஒரு வக்கீல்

குற்ற வழக்கில் அகப்பட்ட ஏழைக்கு வக்கீல் வைத்துக்கொள்ளப் பொருள் இல்லையெனில், அரசாங்கமே ஒரு வக்கீலை அமர்த்தித் தரவேண்டும் என்று அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் 1963-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. பிளாரிடா மாநிலச் சிறையில் கிடந்த கிளாரன்ஸ் ஏர்ள் கிடியன் என்பவர் பென்ஸிலால் தம் கைப்பட எழுதி அனுப்பிய மனுவின்மீது பிறந்த தீர்ப்பு அது. வக்கீல் இல்லாமல் நடந்த முதல் விசாரணையில் குற்றவாளி எனத் தண்டிக்கப்பட்ட அம்மனிதர், வக்கீலின் துணையோடு நடந்த மறுவிசாரணையில் நிரபராதி என விடுதலை பெற்றார். ஆயினும் அத்தீர்ப்பின் கருணை சிவில் நீதிமன்றத்தின் வாசற்படியைத் தாண்டவில்லை. பெற்ற பிள்ளையின்மீதுள்ள உரிமையையே இழக்கப்போகும் தாய்க்குக்கூட, ஒவ்வொரு வழக்கிலும் வக்கீல் அமர்த்தித் தரவேண்டிய கட்டாயம் அரசாங்கத்துக்கு இல்லை என்று 1981-ல் அதே நீதிமன்றம் முடிவு செய்தது.

இதன் விளைவைக் காணவேண்டுமானால், குடியிருப்போரைக் காலி செய்யச் சொல்லும் வழக்குகள் நடக்கும் நீதிமன்றத் தாழ்வாரத்துக்குப் போகவேண்டும். வீட்டுச் சொந்தக்காரரின் வக்கீல் கையில் கட்டுக் கட்டாகக் கோப்புகளை வைத்துக்கொண்டு பெயர் பெயராக அழைக்கிறார். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருக்கும் பெண்ணிடம் ஒரு காகிதத்தை நீட்டி, நிலுவைக் குடிக்கூலியை இன்ன தேதிக்குள் கட்டுவதாகவும், தவறினால் காலி செய்வதாகவும் அதில் எழுதியிருப்பதாகச் சொல்லிக் கையெழுத்துக் கேட்கிறார். குளிர்காலம் முழுவதும் வீட்டில் வெப்பச் சாதனம் வேலை செய்யவில்லை என்பதும், அக்காரணத்தைச் சொல்லிக் குடிக்கூலியைக் குறைக்கும்படி நீதிபதியிடம் வாதாட அவள் வாழும் மாநிலத்தின் சட்டம் இடம் தருகிறது என்பதும் அந்தக் காகிதத்தில் இல்லை. அதை அவள் காதில் சொல்ல ஒருவரும் இல்லை. அவள் கையெழுத்திடுகிறாள். சட்டப் புத்தகத்தில் இருந்த உரிமை அங்கேயே இருந்துவிடுகிறது.

அந்தப் பெண்ணுக்கும் அந்தப் புத்தகத்துக்கும் இடையே நிற்கவேண்டிய மனிதரை உருவாக்கி அனுப்புவதற்காக ஏற்பட்ட ஏற்பாடுகளில் ஒன்றுதான் பொதுநலச் சட்ட ஃபெல்லோஷிப். சட்டக் கல்லூரியை விட்டு வெளிவரும் இளம் வக்கீலுக்குப் பெரும்பாலும் ஓராண்டு அல்லது ஈராண்டுக் காலத்துக்குச் சம்பளம் கொடுத்து, ஏழைகளுக்கும் ஆதரவற்றோருக்கும் பணிபுரியும் ஒரு ஸ்தாபனத்தில் அவரை அமர்த்துவது இதன் சாரம்.

இத்தகைய சேவையின் வேர் பழமையானது. 1876-ல் நியூயார்க்கில் வந்திறங்கிய ஜெர்மானியக் குடியேறிகளைச் சுரண்டலிலிருந்து காப்பதற்கென அவர்களுடைய சமூகத்தார் தொடங்கிய சங்கமே, பிற்காலத்தில் அந்நகரத்தின் சட்ட உதவிச் சங்கமாக வளர்ந்தது. பாஸ்டன் நகரத்தில் அதுபோன்றதொரு சங்கத்தை நடத்திய ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித் என்ற வக்கீல், ஏழைகளுக்கு நீதி கிடைக்கும் லட்சணத்தை நாடெங்கும் ஆராய்ந்து 1919-ல் ஒரு நூல் வெளியிட்டார். வக்கீல் சமூகத்தின் மனச்சாட்சியை அது உலுக்கிற்று. ஜனாதிபதி ஜான்ஸன் வறுமையின்மீது தொடுத்த போரின் ஓர் அங்கமாக 1965-ல் சமஷ்டி அரசாங்கமே சட்ட உதவிக்குப் பணம் ஒதுக்கத் தொடங்கியபின், 1967-ல் அந்த ஸ்மித்தின் பெயரால் ஒரு ஃபெல்லோஷிப் ஏற்பட்டது. அதில் தேர்வு பெற்றுப் பயிற்சி முடித்து, ஏழைகள் வாழும் பேட்டைகளுக்கும் கிராமப்புறங்களுக்கும் சென்ற இளைஞர்களை ‘ரெஜிகள்’ என்றே எல்லோரும் அழைத்தனர்.

அரசாங்கத்தின் தயவு எப்போதும் ஒரே சீராக இருப்பதில்லை. சட்ட உதவிக்கான சமஷ்டிப் பணத்தைப் பகிர்ந்தளிக்க 1974-ல் சட்டத்தின் மூலம் ஸ்தாபிதமான சட்ட சேவைக் கழகத்துக்கு 1981-ல் 32 கோடி டாலருக்கு மேல் கிடைத்துவந்த மானியம், ரீகன் ஆட்சி அக்கழகத்தையே கலைத்துவிட முயன்றதன் விளைவாக, அடுத்த ஆண்டிலேயே ஏறக்குறைய 24 கோடியாகச் சுருங்கிற்று. அந்தப் பத்தாண்டில்தான் தனியார் ஃபெல்லோஷிப்புகள் தலையெடுத்தன. இன்று ‘ஈக்வல் ஜஸ்டிஸ் வொர்க்ஸ்’ என்று வழங்கும் ஸ்தாபனம் 1986-ல் சட்ட மாணவர்களின் முயற்சியால் தோன்றியது. பெரிய கம்பெனிகளை வாங்குவோருக்கும் விற்போருக்கும் சட்ட ஆலோசனை கூறுவதில் பேர்போன ஸ்காடன் ஆர்ப்ஸ் என்னும் வக்கீல் நிறுவனம், தன் 40-ஆவது ஆண்டு நிறைவை முன்னிட்டு, 1988-ல் ஆண்டுதோறும் இளம் வக்கீல்களைப் பொதுநலப் பணிக்கு அனுப்பும் அறக்கட்டளை ஒன்றை நிறுவியது. இவ்விரண்டுமே ஈராண்டுக் காலத்துக்கு ஆதரவு அளிக்கின்றன.

இந்த ஃபெல்லோஷிப்புகளுக்கு விண்ணப்பிக்கும் முறையிலேயே ஒரு சிறந்த கல்வி அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு. மற்ற உத்தியோகங்களில் காலியிடம் முதலில் தோன்றும்; அதற்கேற்ற ஆளைப் பிறகு தேடுவார்கள். இங்கேயோ விண்ணப்பிப்பவரே தம் பணியை வகுத்துக்கொண்டு வரவேண்டும். எந்த ஊரில், எந்த ஜனங்களுக்கு, எந்த உரிமை மறுக்கப்படுகிறது, அதைப் பெற்றுத்தர இரண்டு ஆண்டுகளில் தாம் செய்யப்போவது என்ன, இப்பணியை இதுவரை வேறெவரும் செய்யாததற்குக் காரணம் என்ன, தம்மை ஏற்றுக்கொள்ளச் சம்மதிக்கும் ஸ்தாபனம் எது, இரண்டு ஆண்டுகள் கழிந்தபின் அப்பணியின் கதி என்ன என்ற கேள்விகளுக்கெல்லாம் அவர் தெளிவாக விடை எழுதவேண்டும். ‘ஏழைக் குழந்தைகளுக்கு உதவ விரும்புகிறேன்’ என்று எழுதுபவர் தேறமாட்டார். உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உள்ள குழந்தையைப் பத்துப் பள்ளி நாட்களுக்கு மேல் வெளியே நிறுத்துவதற்குமுன், அக்குழந்தையின் நடத்தை அந்தக் குறையின் விளைவுதானா என்று ஆராயவேண்டும் எனச் சமஷ்டிச் சட்டம் விதித்திருக்க, இன்ன மாவட்டத்துப் பள்ளிகளில் அது நடைபெறவில்லை; பெற்றோர் இன்ன மொழி பேசுவோராதலால் முறையிட வழியறியாமல் நிற்கிறார்கள்; அந்த மொழி எனக்குத் தெரியும்; இன்ன சட்ட உதவி நிலையம் எனக்கு இடம் தர இசைந்திருக்கிறது என்று எழுதுபவரையே தேர்வுக் குழுவினர் நேரில் அழைத்துப் பேசுவார்கள். நோயைக் கண்டறியாமல் மருந்து கொடுக்கும் வைத்தியரைப்போல, தேவையை அறியாமல் சேவைக்கு வருபவரால் நன்மையைவிடத் தீமையே அதிகம்.

ஆகையால் ஆயத்தம் நெடுநாளையது. மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் முதல் இரு கோடை விடுமுறைகளையும் சட்ட உதவி நிலையங்களில் கழிப்பதும், கல்லூரியே நடத்தும் இலவச ஆலோசனை நிலையத்தில் பேராசிரியரின் மேற்பார்வையில் உண்மையான கட்சிக்காரர்களுக்காக உழைப்பதும், இரண்டாம் ஆண்டின் முடிவுக்குள் தமக்கு இடம் தரும் ஸ்தாபனத்தைத் தேடிக்கொள்வதும் வழக்கம். மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில், இலையுதிர் காலத்தில், விண்ணப்பங்கள் போகும். பட்டம் பெற்று, ஜூலை மாதம் நடக்கும் வக்கீல் தொழில் பரீட்சையை எழுதியபின் பணி ஆரம்பமாகும்.

கூர்மையான ஓர் எண்ணம் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்குப் பாஸ்டன் நகரப் பொது மருத்துவமனை நல்ல திருஷ்டாந்தம். ஆஸ்துமாவால் மூச்சுத் திணறி வரும் குழந்தைக்கு மருந்து கொடுத்துக் குணப்படுத்தி அனுப்பினாலும், பூஞ்சணம் படர்ந்த ஈரச் சுவருள்ள வீட்டுக்கே அது திரும்பிச் சென்று மீண்டும் நோயோடு வருவதைக் கண்ட குழந்தை மருத்துவர் பாரி ஜுக்கர்மன், 1993-ல் மருத்துவமனையிலேயே வக்கீலைச் சேர்த்துக்கொண்டார். வீட்டைப் பழுது பார்க்கும்படி சொந்தக்காரருக்குப் போகும் வக்கீலின் கடிதம் அங்கே சிகிச்சையின் ஒரு பகுதியாயிற்று. மருத்துவரும் வக்கீலும் கூடி உழைக்கும் இம்முறை பின்னர் நாடெங்கும் பரவியது. இம்முறையில் பணிபுரிய ஃபெல்லோஷிப் பெற்றுச் சென்ற இளம் வக்கீல்களும் பலர்.

இந்தப் பாதையில் நிற்கும் பெருந்தடை கடன். முன்னணித் தனியார் சட்டக் கல்லூரிகளில் போதனைக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 70,000 டாலரைத் தாண்டுகிறது. பெரிய வக்கீல் நிறுவனங்கள் முதலாண்டு வக்கீலுக்கே 225,000 டாலர் தருகையில், சட்ட உதவி நிலையத்தில் சேருபவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைப்பது அரிது. சேவை செய்ய மனமிருந்தும், தவணைக்கு அஞ்சி நிறுவனத்தின் படியேறுபவர் எத்தனையோ பேர்; அவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. இதை உணர்ந்தே ஸ்காடன் அறக்கட்டளை, சம்பளத்தோடு, கல்விக் கட்டணத்துக்காக வாங்கிய கடனின் தவணையையும் ஃபெல்லோஷிப் காலம் முழுவதும் ஏற்கிறது. பொதுப்பணியில் இருந்துகொண்டே 120 தவணைகளைச் செலுத்தியவருக்குச் சமஷ்டிக் கல்விக் கடனின் மிச்சத்தைத் தள்ளுபடி செய்யும் சட்டமும் 2007-ல் இயற்றப்பட்டது. ஃபெல்லோஷிப் முடிந்தபின்னும் மிகப் பெரும்பாலோர் பொதுநலப் பணியிலேயே நிலைத்துவிடுகின்றனர் என்பதிலிருந்து, இவர்களிடம் குறைவாக இருந்தது சங்கற்பமன்று, முதல் அடி வைக்க வேண்டிய பொருளே என்பது விளங்கும்.

என்றாலும் இதைக்கொண்டு பிரச்சினை தீர்ந்ததாக எவரும் மயங்கலாகாது. குறைந்த வருமானமுள்ள அமெரிக்கர்களின் வாழ்க்கையைப் பாதிக்கும் சிவில் சட்டப் பிரச்சினைகளில் 100-க்கு 92-க்குப் போதிய உதவியோ, எவ்வித உதவியுமோ கிடைப்பதில்லை என்று சட்ட சேவைக் கழகம் 2022-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆண்டுக்குச் சில நூறு இளைஞர்களால் அந்தப் பள்ளத்தை நிரப்ப இயலாது. காலி செய்யும் வழக்கில் சிக்கிய ஏழைக் குடியிருப்போருக்கு வக்கீல் தருவதை நியூயார்க் நகரம் 2017-ல் சட்டமாக்கியதே, அதுபோல அரசாங்கம் தன் கடமையை ஏற்கும்போதுதான் தாழ்வாரத்தில் நின்ற அந்தப் பெண்ணுக்கு நிச்சயமான துணை கிடைக்கும். தனியாரின் தர்மம் வழிகாட்டலாம். அரசின் கடமைக்கு அது ஈடாகாது.

அமெரிக்காவில் சட்டம் பயிலும் பிள்ளைகள் தமிழ்க் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், பெரிய நிறுவனத்தின் சம்பளத்தை விடுத்து, ஈராண்டு ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னால், படித்த படிப்பு வீணாயிற்றே என்று பெற்றோர் மனம் குலைய வேண்டியதில்லை. கடன் எவ்வளவு, தவணை எப்படி, எந்த ஸ்தாபனம், யாருக்குப் பணி என்பவற்றை நிதானமாகக் கேட்டறியுங்கள்; விடை தெளிவாக இருந்தால் ஆசி கூறி அனுப்புங்கள்.