பணியும் பயிற்சியும்: ஊவா மலைநாட்டிலிருந்து ஒரு நெடுந்தூரப் போட்டிக்கு

கடலில் நீந்திக் கரையேறி, ஈரம் உலருமுன் துவிச்சக்கர வண்டியில் ஏறிப் பல மைல் சென்று, அதிலிருந்து இறங்கியதும் ஓடத் தொடங்கி, இவை மூன்றையும் ஒரே நாளில் இடைவிடாது முடிப்பது இயலுமா? இயலும் என்பதை உலகம் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாகக் கண்டுவருகின்றது. ட்ரையத்லோன் எனப்படும் இம்முத்துறைப் போட்டி, 1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் சிறிய அளவில் தொடங்கிற்று. 1978ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆந் திகதி ஹவாய்த் தீவுகளில் அது நெடுந்தூர வடிவம் பெற்றது. அன்று புறப்பட்டோர் 15 பேர். முடித்தோர் 12 பேர். அப்போட்டியை வகுத்த ஜோன் கொலின்ஸ் என்பவர் விளையாட்டைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். கடற்படையில் பணியாற்றிய அதிகாரி. தாமும் அதிற் கலந்து, ஏறத்தாழ 17 மணி நேரத்தில் முடித்தார். ஆகவே, வேலை பார்ப்பவருக்கு இது ஆகாது என்னும் எண்ணம் இப்போட்டியின் பிறப்பிலேயே பொய்யாயிற்று.

முழுத் தூரம் என்பது 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் வண்டியோட்டம், 42.2 கிலோமீற்றர் ஓட்டம் ஆகும். இதன் சரிபாதியாகிய 1.9, 90, 21.1 என்னும் அளவில் ஒரு போட்டி 2018ஆம் ஆண்டு பெப்ரவரியில் கொழும்பில் முதன்முதலாக நடைபெற்றது. முதன்முறை முயல்வோருக்கு இப்பாதித் தூரமே தக்கது. பதுளையிலோ பண்டாரவளையிலோ ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ தோட்ட வெளிக்கள உத்தியோகத்தராகவோ இருக்கும் ஒருவர் இதற்கு எவ்வாறு ஆயத்தமாகலாம் என்பதை நோக்குவோம்.

நெடுந்தூரம் என்பது நம்மவர்க்குப் புதிதன்று. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வாரக்கணக்கில் நடந்து, ஊவா மாகாணத்தின் தென்கோடியிலுள்ள கதிர்காமத்தை அடையும் பாதயாத்திரிகர் இன்றும் உளர். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த குமார் ஆனந்தன், இளமையில் நோயுற்றுத் தேறியவராயிருந்தும், 1971ஆம் ஆண்டு பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து மீண்டார். அவரே 1984ஆம் ஆண்டு ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர் துறந்தார். மனவுறுதி மலையையும் அசைக்கும் என்பர். ஆனால் கடல் மனவுறுதியை மட்டும் கேட்பதில்லை, முன்னாயத்தத்தையும் கேட்கின்றது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒருங்கே உணர்த்துகின்றன.

முதலில் நேரக் கணக்கு. ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம் உண்டு. பாதித் தூரப் போட்டிக்கு வாரத்தில் எட்டு முதல் பத்து மணி நேரப் பயிற்சி, ஐந்தாறு மாதங்களுக்குப் போதுமானது. கணக்கிற் சிறிதாகத் தோன்றும் இந்த எட்டு மணி நேரம் வாழ்க்கையிற் சிறிதன்று. அதிகாலையிற் பேருந்தைப் பிடித்துப் பாடசாலை சென்று, பிற்பகலில் மீண்டு, பிள்ளைகளின் பாடத்தையும் வீட்டு வேலையையும் கவனிப்பவர், வேலைநாட்களில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரமும், சனி ஞாயிறுகளில் இரண்டு முதல் மூன்று மணி நேரமும் ஒதுக்கினால் அளவு நிறைந்துவிடும். ஒரு நாள் முழு ஓய்வு கட்டாயம். தூக்கத்தைக் குறைத்து நேரத்தைச் சம்பாதிப்பவர், ஒரு கையால் சேர்த்ததை மறு கையால் இறைப்பவராவார். உடல் வலுப்பெறுவது பயிற்சியின்போதன்று, அதன் பின்வரும் உறக்கத்தின்போதே. வீட்டாரின் இசைவின்றித் தொடங்குவதும் நன்றன்று. கணவன் விடியலில் ஓடச் சென்றால், அடுப்பை மூட்டிப் பிள்ளையை எழுப்புபவர் யார் என்பதையும் முன்னரே பேசி முடிவு செய்தல் வேண்டும்.

பயிற்சியின் பெரும்பகுதி, பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமற் பேசக்கூடிய மெதுவான வேகத்தில் அமைய வேண்டும். இந்த வேகத்தில்தான் இதயமும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் வளர்ச்சி பெறுகின்றன. உடலும் தன் கொழுப்பை எரித்துச் சக்தி பெறப் பழகுகின்றது. வாரத்தில் ஒன்றிரண்டு நாட்களே கடுமுயற்சிக்குரியன. தூரத்தை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டி, நான்காம் வாரத்திற் குறைத்தல் நல்ல முறை. வண்டியிலிருந்து இறங்கியதும் இருபது நிமிடம் ஓடிப் பழகுதலும் அவசியம். மிதித்த கால்கள் ஓட மறுக்கும் அந்த முதற் கிலோமீற்றரை முன்னரே அறிந்து வைத்தவருக்குப் போட்டி நாளில் அச்சமிராது.

இனி ஊவாவுக்கே உரிய இடர்களைப் பார்ப்போம். பதுளை நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்திலும், பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேலும், அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலும் உள்ளன. இங்கே சமதரை அரிது. ஏற்றம் காலுக்கு வலுவூட்டும். ஆனால் இறக்கத்தில் ஓடுவது முழங்காலையும் தொடைத் தசைகளையும் நோகச் செய்யும். ஆதலின் ஏற்றத்தில் ஓடி, இறக்கத்தில் நடந்து திரும்புவது தொடக்கத்தில் நலம். வண்டியில் இறங்குகையில் பிரேக்கை இடைவிடாது அழுத்தினால் சில்லின் விளிம்பு சூடேறி ரியூப் வெடிப்பதுண்டு. விட்டு விட்டு அழுத்துவதே முறை. மூடுபனிக் காலையில் முன்னும் பின்னும் விளக்கின்றி வீதியில் இறங்கலாகாது.

மலையிற் பழகியவருக்குச் சமவெளியில் வேறொரு சோதனை காத்திருக்கின்றது. மலையில் ஏற்றத்திற்குப் பின் இறக்கத்தில் கால் ஓய்கின்றது. சமவெளியிலோ மூன்று மணி நேரத்திற்கு மேல் மிதித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். இதற்கு மாதம் ஒருமுறையேனும் வெல்லவாயப் பக்கத்துச் சமவெளிக்கு இறங்குதல் பயன்தரும். அங்கே வெப்பமும் மிகுதி. குளிர்ந்த மலையில் வாழ்பவரின் உடல் வெப்பத்திற்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் வேண்டும். அக்காலத்தில் இரத்த நீர் பெருகுகின்றது, வியர்வை விரைந்து சுரக்கின்றது. இப்பழக்கமின்றிக் கொழும்பின் புழுக்கத்தில் ஓடுபவர் வெப்பத்தாக்குக்கு ஆளாகலாம். ஆனால் புத்தளையிலிருந்து கதிர்காமம் செல்லும் வீதியில் காட்டு யானைகள் நடமாடும், தனித்துச் செல்லலாகாது.

பருவமும் கருதத்தக்கது. மேல்கரைக் கடல் அமைதியாயிருக்கும் பெப்ரவரியிற் போட்டி என்றால், பயிற்சியின் முக்கிய மாதங்கள் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை அமையும். பதுளை மலைகளில் மழை மிகுதியாகப் பொழிவதும் அம்மாதங்களிலேயே. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்களைப் புதைத்த மண்சரிவை மலைநாடு மறக்கவில்லை. மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாளிற் பயிற்சியைக் கைவிடுதலே அறிவுடைமை. அத்தகைய நாட்களில் வீட்டுக்குள் படியேறுதலும், தரையிற் செய்யும் வலுப் பயிற்சிகளும் போதும்.

நீச்சலே மலைநாட்டாருக்குப் பெருங்குறை. தோட்டப் பிள்ளைகளுள் முறையாக நீந்தக் கற்போர் சிலரே. அருவித் தடாகங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் தாமே பழக முனைவது உயிருக்கு உலை வைக்கும். மேலே பெய்த மழையால் ஆறு நொடியிற் பெருகும். தேர்ந்த பயிற்றுநர் உள்ள நீச்சற் குளத்தில், வாரம் இருமுறையேனும் மூச்சுவிடும் முறையையும் உடலை நீரில் மட்டமாக வைக்கும் முறையையும் கற்றல் வேண்டும். பின்னரே, துணையோடு கடலிற் பழகலாம்.

உணவு அடுத்தது. நீண்ட பயிற்சியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து வேண்டும். வாழைப்பழம் இரண்டு, அல்லது பேரீச்சம்பழம் சில, அவ்வளவையும் தரும். தண்ணீரை மிகையாகக் குடிப்பதும் தீங்கு. உப்புச் சத்து இரத்தத்தில் நீர்த்துப் போய் மயக்கம் வரும். தாகத்திற்கேற்பச் சிறிது உப்பும் சர்க்கரையும் கலந்த நீரே நன்று.

ஈற்றில் ஒன்று. பெரட்டுக்கு விடியுமுன் எழுந்து, கொழுந்துக் கூடையைத் தலையிற் தாங்கி நாள் முழுதும் சரிவில் ஏறியிறங்கும் பெண்ணின் தாங்குசக்தி, பதக்கம் பெறும் எவர்க்கும் குறைந்ததன்று. அவருக்கு இல்லாதது உரமன்று. போதிய உணவும் ஓய்வும் ஓய்வுநேரமுமே. ஊதியத்தாலும் உணவாலும் நலிந்த உடல்மீது பயிற்சியைச் சுமத்துவது வலுவைத் தராது, நோயையே தரும். எனவே நேரமும் உணவும் வாய்த்தவர் தம் முயற்சியைப் பெருமைக்கு மட்டும் பயன்படுத்தாது, தம் ஊர்ப் பிள்ளைகள் பாதுகாப்பாக நீந்தக் கற்கவும் ஒரு மைதானத்தில் ஓடவும் வழிசெய்தால், அவர் ஓடி முடித்த தூரத்திலும் நெடுந்தூரம் அது செல்லும். போட்டியின் இறுதிக் கோட்டை அடைவது ஒரு நாட் செயல். அதற்கு ஆயத்தமாகும் ஒழுங்கோ ஆயுள் முழுதும் உதவுவது.