பிடுங்கி நட்ட நாற்று

நடுவர் அவர்களே! மறுபடி எடுத்த படம் மூலத்துக்கு ஈடாகாதுன்னு எதிரணி நண்பர் முழங்கினார். எந்தப் படத்தை மூலம்னு காட்டினார்? 1960இல் வந்த ‘தி மேக்னிஃபிசென்ட் செவன்’ கௌபாய் படத்தை! ஐயா, அதுவே மறுபதிப்பு. 1954இல் ஜப்பானில் அகிரா குரோசாவா எடுத்த ‘செவன் சாமுராய்’தான் மூலம். கொள்ளையரிடமிருந்து கிராமத்தைக் காக்கும் ஏழு வீரர்கள் கதை. வாளைத் துப்பாக்கியாக்கி, மெக்சிகோ கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். மறுபதிப்பையே மூலம்னு நண்பர் நம்புறாரே, இதைவிடச் சாட்சி வேணுமா?

நான் திருக்கனூர்க்காரன். நாத்தங்கால்லயே கிடக்கிற நாத்து ஒழுங்கா விளையாது. பிடுங்கி, உழுத வயல்ல நடணும். நகல் வாடும், வேர் பிடிச்சது விளையும்.

வீட்லயும் ‘அப்பன் மாதிரி வருமா’ன்னு பிள்ளையைக் குட்டாதீங்க. அவனுக்குன்னு ஒரு வயல் கொடுங்க.