உள்ளிருப்போரின் திடீர் லாபம்

ஜொகூர் பாருவில் ஒரு முதியவர் தம் பங்குகளை ஒரு வெள்ளி விலைக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுவாரம் பெரிய குத்தகை அறிவிப்பு; விலை இரண்டு வெள்ளி. வாங்கியவரோ அதே நிறுவனத்தின் இயக்குநர்! உடனே விற்று லாபத்தையும் எடுத்துக்கொண்டார்.

மலேசியாவின் 2007ஆம் ஆண்டு மூலதனச் சந்தை, சேவைகள் சட்டப்படி இக்குற்றத்துக்கு 10 ஆண்டுவரை சிறை, குறைந்தது 10 லட்சம் வெள்ளி அபராதம். ஆனால், தகவல் அவருக்கு முன்பே தெரியும் என்று நிரூபித்தாக வேண்டுமே!

அமெரிக்கா 1934இலேயே வேறு வழி கண்டது. இயக்குநர், உயரதிகாரி, 10 விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருப்பவர் ஆகியோர் ஆறு மாதத்துக்குள் வாங்கி விற்றால், லாபம் நிறுவனத்துக்கே. தெரியுமா, தெரியாதா என்ற கேள்வியே இல்லை. கொஞ்சம் முரட்டு விதிதான். இந்தியாவின் செபியும் 2015 விதிகளில் நிறுவனப் பொறுப்பாளர்களுக்கு அதே ஆறு மாதத் தடை விதித்து, மீறினால் லாபத்தை முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியில் சேர்க்கிறது. விற்று ஏமாந்த முதியவர் கைக்கு இதில் நேரடியாக ஒரு காசும் வராது.