பாண்ட் வாத்தியமும் கச்சான் வெயிலும்

வரிப்பத்தான்சேனையிலோ கல்முனையிலோ ஒரு பாடசாலை விழா நடந்தால், மறுநாள் செய்தியில் ‘அதிதிகள் பாண்ட் வாத்தியம் முழங்க அழைத்து வரப்பட்டனர்’ என்ற வரி தப்பாமல் இருக்கும். அதிதி மேடையேறியதும் பாண்டின் கடமை முடிந்துவிடும். உயர்தரப் பரீட்சை நெருங்கினால் ட்ரம்பெட் களஞ்சிய அறைக்குப் போகும், வாசிப்பும் அதோடு சரி.

வேறு பல ஊர்களில் அது அங்கே நிற்பதில்லை. பாடசாலையிலோ இராணுவத்திலோ நன்றாகப் பழகிய பெரியவர்கள், வேறு தொழில் பார்த்துக்கொண்டே வாரத்தில் ஓர் இரவு கூடிச் சம்பளமில்லாமல் ஊதுகிறார்கள். அமெரிக்காவின் அலன்டவுன் நகரப் பாண்ட் 1828 முதல் இருக்கிறது. இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரில் ஜோன் பொஸ்டர் என்ற ஆலை முதலாளி 1855இல் வாத்தியங்கள் வாங்கிக் கொடுக்க, ஆலைத் தொழிலாளர் தொடங்கியதுதான் இன்றும் பேர்பெற்ற பிளாக் டைக் பாண்ட். நம் நாட்டில் இதற்குச் சொந்தம் என்று இரண்டைச் சொல்லலாம். 1958இல் தொடங்கிய இலங்கை சிம்பனி இசைக்குழுவில் தொழிலுக்காக வாசிக்கிறவர்களோடு ஆசைக்காக வாசிக்கிறவர்களும் உட்காருகிறார்கள். மற்றது பப்பரே. 1879 முதல் நடக்கும் ரோயல்–தோமியன் போன்ற ‘பிக் மெட்ச்’ கிரிக்கெட்டில் ட்ரம்பெட்டும் ட்ரொம்போனும் பைலா மெட்டில் அலறுமே, அதுதான். அதைச் சத்தம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. வெயிலில் மணிக்கணக்காக ட்ரம்பெட் ஊதும் உதடுகளுக்கு என் சலாம்.

இந்த வாத்தியங்களுக்குள் நடப்பது என்ன? குழலுக்குள் அடைபட்ட காற்றுத் தூண் அதிர்கிறது, அவ்வளவுதான். தூண் நீண்டால் சுரம் இறங்கும், குறுகினால் ஏறும். ஆனால் குழலின் முனை திறந்ததா மூடியதா என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மேற்கத்தியப் புல்லாங்குழலையும் சாதாரண கிளரினெட்டையும் அளந்து பாருங்கள்: இரண்டும் ஏறத்தாழ 67 சென்ரிமீற்றர். புல்லாங்குழலின் ஆகத் தாழ்ந்த சுரம் செக்கனுக்குச் சுமார் 262 அதிர்வு, கிளரினெட்டினது சுமார் 147. நீளம் ஒன்றாக இருந்தும் கிளரினெட் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழே போய்விடுகிறது. அதன் வாயில் உள்ள நாணல் நாக்கு குழலின் ஒரு முனையை மூடிவிடுவதே காரணம். இன்னொரு விந்தையும் உண்டு. புல்லாங்குழலில் ‘ஸ’ வைத்துப் பலமாக ஊதினால் மேல் ‘ஸ’ வரும். கிளரினெட் அதைத் தாண்டி அதற்கு மேலுள்ள ‘ப’வுக்குப் பாயும். இடையில் விடுபட்ட சுரங்களை நிரப்பத்தான் அத்தனை சாவிகள். அடொல்ஃப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை பெற்ற சக்சபோனுக்கும் அதே நாணல் நாக்குத்தான். ஆனால் குழல் கூம்பாக விரிவதால் அது புல்லாங்குழல் போல மேல் ‘ஸ’வுக்கே போகும்.

பித்தளை வாத்தியங்களில் நாக்கின் வேலையை உதடு செய்கிறது. ட்ரம்பெட்டின் குழாயை நிமிர்த்தினால் ஒன்றரை மீற்றருக்குச் சற்றுக் குறைவு. பெரிய டியூபாவுக்கு ஐந்தரை மீற்றர் வரும். ட்ரம்பெட்டின் மூன்று வால்வுகளும் கூடுதல் குழாய்த் துண்டுகளை வழியில் சேர்த்து நீளத்தைக் கூட்டுகின்றன. இதில் ஒரு வம்பு: முதலாவதையும் மூன்றாவதையும் சேர்த்து அழுத்தினால், ஏற்கனவே நீண்டுவிட்ட குழாய்க்கு அந்தத் துண்டுகள் போதாமல் சுரம் சற்றே ஏறி நிற்கும். தேர்ந்தவர் இடது கை மோதிர விரலால் மூன்றாம் வால்வின் இழுகுழாயைக் கொஞ்சம் தள்ளி அதைச் சரிக்கட்டுவார். பார்க்கிறவருக்கு விரல் அசைந்ததே தெரியாது.

இனி நம் வெயிலுக்கு வருவோம். 20 பாகையில் ஒலி செக்கனுக்கு 343 மீற்றர் ஓடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், 35 பாகை தொடும் பகலில், அது 352 மீற்றர் ஆகிவிடும். ஒலி வேகமானால் சுரமும் ஏறும். வெறும் கணக்குப்படி அரைச்சுரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஊதுகிறவரின் மூச்சு எப்போதும் சூடு என்பதால் அத்தனையும் வராது, ஆனாலும் காதில் குத்துமளவு வரும். பாடசாலைப் பாண்டில் பக்கத்தில் நிற்பதோ மெலோடிக்கா. அதன் சுரத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் உலோக நாக்கு, அது வெயிலுக்குப் பெரிதாக அசையாது. மெலோடிக்கா 440இல் நிற்க ட்ரம்பெட் 446க்கு ஏறினால், செக்கனுக்கு ஆறு தடவை ஒலி விம்மி விம்மிக் கேட்கும். விளையாட்டுப் போட்டி மைதானத்தில் நண்பகலில் பாண்ட் ‘ஒரு மாதிரி’ கேட்பதற்குப் பிள்ளைகளை மட்டும் ஏசாதீர்கள்.

குழாயை இழுத்து நீட்டினால் சுருதி இறங்கும். ஆனால் ஒரே அளவு நீட்டல், குறுகிய தூணில் வரும் சுரத்தை அதிகமாகவும் நீண்ட தூணில் வருவதைக் குறைவாகவும் இறக்கும். மிச்சத்தை ஒவ்வொரு சுரத்திலும் உதடும் காதும் சேர்ந்து திருத்த வேண்டும். அனுபவசாலிகளைத் தேடுகிற பாண்டுகள் எதிர்பார்ப்பது இதைத்தான். வேகமாக வாசிக்கப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் முடியும். பக்கத்தில் இருப்பவரின் சுரத்துக்குத் தன் சுரத்தை நகர்த்தத்தான் வருடங்கள் எடுக்கும்.

முழு அளவுப் பாண்ட் என்றால் ஐம்பது பேர் வரை இருப்பார்கள். வயலின்கள் இல்லாத குறையைக் கிளரினெட்டுகள் நிரப்பும், அவைதான் எண்ணிக்கையில் அதிகம். கஸ்டவ் ஹோல்ஸ்ட் 1909இல் இப்படியான குழுவுக்கென்றே எழுதிய முதலாவது தொகுப்பு இன்றும் வாசிக்கப்படுகிறது. அவரே ட்ரொம்போன் ஊதியவர்.

நம் பக்கத்தில் இப்படி ஒன்று தொடங்க நினைப்பவர்கள் பெரும்போக வேலை ஓய்ந்த நேரத்தில் மாலையிலோ இரவிலோ கூடலாம், வெயிலின் தொல்லையும் குறையும். களஞ்சியத்தில் வருடக்கணக்கில் கிடந்த ட்ரம்பெட்டின் வால்வு இறுகியிருந்தால் குறட்டால் பிடித்துத் திருகாதீர்கள். இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்துக் கழுவி, வால்வு எண்ணெய் இரண்டு துளி விட்டால் பெரும்பாலும் இளகிவிடும். கிளரினெட்டின் பழைய நாணல் நாக்கை வீசிவிட்டுப் புதிதாக வாங்குங்கள். உதட்டைப் புதிதாக வாங்க முடியாது. வாயைச் சுற்றியுள்ள தசை மறுபடி பலப்படும்வரை, முதல் சில வாரங்களுக்கு மெட்டுகளை விட்டுவிட்டு, தினமும் பத்து நிமிடம் மெல்லிய நீண்ட சுரங்களை மட்டும் ஊத வேண்டும். வீட்டார் பொறுத்துக்கொள்ளட்டும்.